ஒன்று முதல் பன்னிரண்டு வரை போடவேண்டிய மாத்திரை

என்மேல் வந்த கோபத்தை அன்று பொழுது சாய்வதற்குள் தீர்த்துவிடுகிற என் அத்தைக்கு,

அன்று பெரம்பலூரில் அந்த டாக்டரம்மா கேட்டபோது, வெள்ளை மாத்திரையை அத்தை போடுவதில்லை என்று நான் சொல்லவில்லை. "ரெண்டும் ஒழுங்கா போடுறீங்களா?" என்று உங்களைத்தான் முதலில் கேட்டார். "போடுறேனுங்க" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "மருமகளா? நீங்க பாத்துக்குறீங்கள்ல?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

மேசைக்குக் கீழே உங்கள் கால் என் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. மிதிக்கவில்லை, சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. அது மிரட்டலா, கெஞ்சலா, அல்லது அந்தச் சின்ன அறையில் கால் வைக்க இடமில்லாமல் பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன் என்று தெரிந்தால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "தூரம் தீட்டெல்லாமாடி பேப்பர்ல எழுதுவாங்க, வெக்கங்கெட்டவளே!" என்பீர்கள். எழுதாமல் இருந்து பார்த்தேன், அத்தை. சின்ன அத்தை இரண்டு மாத்திரை அட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்ற பிறகு முடியவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் நடந்ததை நடந்த வரிசையில் எனக்கே ஒருமுறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்த இடத்தில் என் கணக்கு தப்பியது என்று தேடிக்கொண்டே இருக்கிறேன்.

நான் செட்டிகுளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அடுத்த கோடையில் தொடங்கியது அது. உங்களுக்கு நாற்பத்தாறு வயது. களத்தில் அஞ்சலையும் மற்றப் பெண்களும் வட்டமாக உட்கார்ந்து வெங்காயத்தின் காய்ந்த தழைத் தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நீங்கள். திடீரென்று முகம் செக்கச்சிவந்து, கழுத்தெல்லாம் வேர்த்துக்கொட்ட, அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் மோட்டார் தண்ணீரில் தலையைக் கொடுத்தீர்கள். அன்று அது மூன்றாவது தடவை.

"என்னக்கா, நேத்து சமைஞ்ச புள்ள மாதிரி தலைக்குத் தலைக்கு ஊத்திக்கிற?" என்றாள் அஞ்சலை.

"உள்ள அடுப்பு எரியுதுடி. வேணும்னா நீ வந்து சோறு பொங்கிக்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்து அரிவாள்மணையை இழுத்துக்கொண்டீர்கள்.

வெந்தயம் ஊற வைத்துத் தின்றீர்கள். மோர் குடித்தீர்கள். வெள்ளியும் செவ்வாயும் எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்கள். சூடு இறங்கவில்லை. தூரமும் தாறுமாறாகிவிட்டது. இரண்டு மாதம் வராது. வந்தால் பதினைந்து நாள் நிற்காது. உங்களுக்கு அதில் பெரிய கஷ்டம் உடம்பில் இல்லை, வெங்காயத்தைச் சேமித்து வைக்கிற பட்டறையில்தான். விதைக்கு வைத்த வெங்காயத்தைத் தூரத்தோடு தொட்டால் அழுகிவிடும் என்பது உங்கள் வீட்டு வழக்கம். அந்தப் பதினைந்து நாளும் பட்டறைக்கு உள்ளே குனிந்து பார்க்க உங்களால் முடியாது. சிமெண்டுத் தூசியில் வளர்ந்த அரியலூர்க்காரியான என்னை அனுப்புவீர்கள். பத்தடி தள்ளி நின்றுகொண்டு, "கண்ணால தேடாதடி, மூக்கால தேடு. அழுவுன வாடை எங்கேருந்து வருதுன்னு பாரு" என்று கத்துவீர்கள். எனக்கு எல்லா இடத்திலிருந்தும் வெங்காய வாடைதான் வந்தது. அந்த வருடம் கால் பட்டறை அழுகிப்போனது.

அன்றுதான் நீங்கள் அழுது முதல்முறையாகப் பார்த்தேன். வெங்காயத்துக்காக அழுகிறீர்கள் என்று நினைத்தேன். "எனக்கு என்னமோ ஆவுதுடி செல்வி. நான் நானா இல்ல" என்றீர்கள்.

உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்கு எது வந்தாலும் முதலில் புத்தகத்தைத் தேடுகிற புத்தி. பெரம்பலூர் நூலகத்தில் பெண்கள் உடல்நலம் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது, அட்டை போன பழைய பதிப்பு. மாதவிலக்கு ஒருநாள் வந்து ஒருநாள் நின்றுவிடுகிற சமாச்சாரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நிற்பதற்கு முன்னால் சில வருடங்கள் உடம்பு இப்படித் தடுமாறும் என்று அதில் இருந்தது. உங்களிடம் வந்து சொன்னேன்.

"நிக்கிறதுக்கே நாலு வருசமா? நம்ம டவுன் பஸ் பரவால்லடி" என்றீர்கள்.

டாக்டரிடம் போகலாம் என்றது நான்தான். அந்த அம்மா நல்லவர்தான், அவரைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. உங்களைப் படுக்கவைத்துச் சோதித்தார், மார்பிலும் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எல்லாம் பார்த்துவிட்டு இரண்டு மாத்திரை எழுதினார். "அரக்கு கலர் மாத்திரை தினமும் ஒண்ணு. வெள்ளை மாத்திரை இங்கிலீஷ் மாசம் ஒண்ணாந்தேதியிலருந்து பன்னெண்டாந்தேதி வரைக்கும். அது முடிஞ்சதும் தூரம் மாதிரி வரும். வரணும். பயப்படாதீங்க." வெளியே பெஞ்சில் இடமில்லாமல் பெண்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். ஏன் வரணும் என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த அரக்கு மாத்திரை செய்த மாயத்தை நான் மறக்கமாட்டேன். மூன்றாவது வாரம் சூடு அடங்கியது. நீங்கள் காலை ஆறு மணி தாண்டியும் தூங்கினீர்கள். வழக்கமில்லாத வழக்கமாக இருக்கிறதே என்று மாமா பயந்துபோய் உங்கள் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தார். கண்ணைத் திறக்காமலே, "இன்னும் போவல. காப்பியப் போடு மனுசா" என்றீர்கள். அன்று காப்பி போட்டது மாமாதான்.

வெள்ளை மாத்திரையும் சொன்னபடி வேலை செய்தது. பன்னிரண்டாம் தேதி நிறுத்தினீர்கள், பதினைந்தாம் தேதி வந்தது. ஐந்து நாள். அடுத்த மாதமும் அப்படியே, மணியடித்த மாதிரி. மூன்றாவது மாதம் அந்த அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"ஏ செல்வி, இது நம்ம திருவிழா மாத்திரைதானே?"

பங்குனி உத்திரத்துக்கு முன்னால் நம் பக்கத்துப் பெண்கள் மருந்துக்கடையில் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்குகிற மாத்திரையைச் சொல்கிறீர்கள். தூரத்தைப் பத்து நாள் தள்ளிப்போட்டு, மலையேறிப் பால்குடம் எடுத்து இறங்கிய பிறகு வரவைத்துக்கொள்கிற மாத்திரை. அதுவும் வெள்ளை, அதுவும் சின்னது. நான் பெயரைப் பார்த்தேன். வேறு பெயர்தான், ஆனால் அதே குடும்பம் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் போட்டிருந்தது. "கிட்டத்தட்ட அதுதான் அத்தை" என்றேன். நீங்கள் மருந்துக்கடையிலும் கேட்டீர்கள். "அதே வகைதாங்க, கொஞ்சம் வேற" என்றார் கடைக்காரர். கொஞ்சம் வேற என்பதை அங்கேயே விட்டுவிட்டு, அதே வகை என்பதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்.

"தள்ளிப்போடுற மாத்திரைய எதுக்குடி மாசாமாசம் திங்கணும்? இதைத் தின்னுட்டு நிறுத்துறேன், அதனாலதான வருது? திங்காம வுட்டா வராது. எனக்குச் சூட்டை அடக்குறது அரக்குதான். வெள்ளை எதுக்கு?"

இதில் எங்கே தப்பு, அத்தை? இன்றைக்கு யோசித்தாலும் நீங்கள் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகச் சரிதான். நிறுத்துவதால்தான் வருகிறது, உண்மை. சூட்டை அடக்குவது அரக்குதான், உண்மை. அந்த மாதத்திலிருந்து வெள்ளையை விட்டீர்கள். தூரம் வரவில்லை. பட்டறைக்குள் நீங்களே குனிந்து போனீர்கள், மூக்கை நீட்டிக்கொண்டு.

மிச்சமான வெள்ளை மாத்திரைகளை என்ன செய்தீர்கள்? அடுத்த பங்குனியில் அஞ்சலைக்கும் தாள் அறுக்க வந்த இன்னும் மூன்று பேருக்கும் கொடுத்தீர்கள். "டாக்டரு எழுதுனது. வீணாப் போவக்கூடாதுல்ல" என்றீர்கள். நால்வரும் மலையேறிவிட்டு வந்து உங்களுக்குப் பஞ்சாமிர்தம் கொடுத்தார்கள். அஞ்சலை களத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா இனிமே மெடிக்கல் வெச்சிரலாம்" என்றாள்.

அரக்கு மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை நான் படித்தேன். எறும்பு எழுத்து. கருப்பை இருக்கும் பெண்களுக்கு அரக்கு மாத்திரையைத் தனியாகக் கொடுக்கக்கூடாது என்று அதில் இருந்தது. பென்சிலால் கோடு போட்டேன். உங்களிடமும் சொன்னேன், சொல்லவில்லை என்று நீங்கள் அங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

"கர்ப்பப்பை இருக்கறவங்க ரெண்டையும் சேத்துத்தான் போடணும்னு போட்டிருக்கு அத்தை."

"ஏன்னு போட்டிருக்கா?"

"உள்சுவரு தடிச்சுப் போயிடும்னு."

"எனக்கு ஒடம்பே தடிச்சுத்தாண்டி கெடக்கு. உள்ள மட்டும் ஒல்லியா வெச்சு யாருக்குக் காட்ட?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாதோ?

அதோடு நின்றிருந்தால்கூட இவ்வளவு குழப்பம் இருக்காது. எனக்குள்ளே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் இந்த மாத்திரைகளை ஆராய்ந்து பார்த்ததில் மார்பில் கட்டி வரும் அபாயம் கூடுவதாக அதற்கு முந்திய வருடம் செய்தித்தாளில் ஒரு செய்தி வந்திருந்தது. கத்தரித்து வைத்திருந்தேன். தேடி எடுத்து மறுபடி படித்தபோது, இரண்டு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள் என்று அதில் இருந்தது. சேர்த்துச் சாப்பிட்டால் மார்புக்கு ஆகாது. சேர்க்காமல் சாப்பிட்டால் கருப்பைக்கு ஆகாது. நான் எதை நம்புவது? நாற்பது வரிச் செய்தியையா, பென்சில் கோடு போட்ட ஒரு வரியையா? பழைய புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதில் இந்த மாத்திரை எல்லாப் பெண்களுக்கும் நல்லது என்று இருந்தது.

அந்தச் செய்தியை நான் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன், அத்தை. உங்களைக் காப்பாற்றத்தான் வாசித்தேன். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் மறுபடி போகலாம் என்று சொல்ல வந்தேன். நீங்கள் என்னை முடிக்க விடவில்லை. "பாத்தியா? ரெண்டும் சேந்தாதான கெடுதல்னு போட்டிருக்கான். நான் அப்பவே ஒண்ணோட நிறுத்திக்கிட்டேன்" என்றீர்கள். படிக்காத உங்கள் புத்தியைப் படித்த நான் மெச்ச வேண்டும் என்று நினைத்த மாதிரி என்னைப் பார்த்தீர்கள். நானும், ஒருவேளை அப்படித்தானோ என்று நினைத்துவிட்டேன்.

இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளை மாத்திரையை விடுவதற்கு உங்களிடம் இருந்தது பட்டறையும் ஐந்து நாள் தீட்டும்தான். அதற்கு மேலே வைக்க ஒரு நல்ல காரணத்தை எடுத்துக் கொடுத்தவள் நான்.

அடுத்த தடவை காட்டப் போனபோது டாக்டரம்மா முன்னால் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நம் இருவருக்கும் தெரியும். நான் பி.எட். முடிக்கும்வரை குழந்தை வேண்டாம் என்று உங்கள் மகனும் நானும் பேசிவைத்து, நர்சம்மாவிடம் வாங்கிய அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். நீங்கள் கண்டுபிடித்தீர்கள். வீடு இரண்டாகப் போகிறது என்று நான் பயந்து நின்றபோது, நீங்கள் அட்டையை உள்ளும் புறமும் பார்த்துவிட்டு, "நீ திங்கிறதும் நான் திங்கிறதும் ஒண்ணுதானேடி?" என்றீர்கள். ஏறக்குறைய என்றேன். "அப்ப ஒனக்குப் புள்ள வராம இருக்கும், எனக்குச் சூடு வராம இருக்கும். மெதுவா பெத்துக்க. நான் இருக்கேன்ல வளக்க" என்று திரும்ப அதே இடத்தில் வைத்தீர்கள். மாமாவிடம் சொல்லவில்லை. விசேஷ வீடுகளில் என்னைச் சுற்றிக்கொண்டு குழந்தை எப்போது என்று கேட்டவர்களிடம், "எங்க வூட்டு மாடு ஈனுறப்ப சொல்லி அனுப்புறோம், நீங்க வெதை வெங்காயத்தைப் பாருங்க" என்று வெட்டிவிட்டீர்கள். என்னை அப்படிக் காத்த உங்களை ஒரு அந்நியர் முன்னால் எப்படிக் காட்டிக்கொடுப்பேன் என்று அந்த அறையில் எனக்குத் தோன்றியது. அதைக் காட்டிக்கொடுப்பது என்று ஏன் நினைத்தேன்?

திரும்பி வரும்போது பஸ் நிலையத்தில் நுங்கு வாங்கிக் கொடுத்தீர்கள். "எம் மருமவ அழுத்தக்காரி. வாயத் தொறக்கமாட்டா" என்று நுங்குக்காரியிடம் சொன்னீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் வந்த நாளிலிருந்து நீங்கள் என்னைப் பற்றி அடுத்தவரிடம் நல்லதாகச் சொல்லி என் காதில் விழுந்தது அதுதான் முதல்முறை.

அதற்குப் பிறகு நாம் அங்கே போகவில்லை. பழைய சீட்டைக் காட்டி, அரக்கை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். இரண்டு வருடத்துக்கு மேல் நன்றாக இருந்தீர்கள். கொஞ்சம் சதை போட்டு, முகம் தெளிந்து, களத்தில் குரல் ஓங்கி. நானும் மறந்துவிட்டேன். அதுதான் வேடிக்கை, அத்தை. கோடு போட்ட தாளைக்கூட மறந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள், "செல்வி, நீ போய் பட்டறையப் பாத்துட்டு வா" என்றீர்கள். மறுநாளும் சொன்னீர்கள். பத்தாவது நாளும் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. கேட்டேன். "போற காலத்துல வந்துட்டுப் போவுது, வுடு" என்றீர்கள். டாக்டரிடம் போகலாம் என்று தினமும் சொன்னேன். "பட்டறையப் பிரிச்சு வெதை நட்டுட்டுப் போவோம்" என்று தினமும் சொன்னீர்கள். விதை நடவு முடிய ஆறு வாரம் ஆனது. அதற்குள் படியேற முடியாமல் மூச்சு வாங்கியது உங்களுக்கு.

திருச்சியில் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். உள்சுவர் அளவுக்கு மீறித் தடித்து, மாறத் தொடங்கியிருக்கிறது, இன்னும் கெட்டுப்போகவில்லை, கருப்பையை எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று கேட்டபோது உங்கள் மகன் பழைய சீட்டை நீட்டினார். அதில் அரக்கும் இருந்தது, வெள்ளையும் இருந்தது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. நாலாம் நாள் நடக்கச் சொன்னார்கள். கட்டிலிலிருந்து இறங்கி ஜன்னல்வரை போனீர்கள், திரும்பி என்னைப் பார்த்து, "மூச்சு வரலடி" என்றீர்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள்.

எடுத்த கருப்பையின் சோதனை முடிவு கருமாதிக்குப் பிறகுதான் வந்தது. புற்றுநோய் இல்லை என்று எழுதியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எது காரணம் என்று திருச்சியில் கேட்டேன். "பல காரணம் இருக்கும்மா. பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் யாருக்கும் வரலாம். எடை வேற இருக்கு" என்றார் அந்த டாக்டர். அரக்கு மாத்திரையே ரத்தத்தை உறைய வைக்கலாம் என்று பிறகு படித்தேன். அப்படியானால் வெள்ளையை விட்டதா? அரக்கைப் போட்டதா? ஆறு வாரம் காத்திருந்ததா? என் தலையாட்டலா? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது.

இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அரியலூரை மறுபடி தனி மாவட்டமாக்கப் போகிறார்களாம். ஒருமுறை பிரித்து, ஒருமுறை சேர்த்து, இப்போது திரும்பப் பிரிக்கிறார்கள். "பட்டறைய இப்படிப் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டா வெங்காயம் தங்குமா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. உங்கள் மகன் செல்போன் வாங்கியிருக்கிறார். மாமா அதைக் காதில் வைத்தாலே கத்திப் பேசுகிறார். நான் பி.எட். முடித்துவிட்டேன். அரிசிப் பானைக்குப் பின்னால் இப்போது ஒன்றுமில்லை. மாத்திரையை நிறுத்தி எட்டு மாதமாகிறது. இன்னும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் எந்த மாத்திரை காரணமோ என்று யோசிப்பதை நிறுத்திவைத்திருக்கிறேன். பட்டறைக்கு நான் எல்லா நாளும் போகிறேன், அந்த மூன்று நாளும் சேர்த்து. வெங்காயம் அழுகவில்லை. இதை உங்களிடம் சொல்லலாமா கூடாதா என்று நிறைய நாள் யோசித்தேன்.

போன மாதம் சின்ன அத்தை வந்தார்கள். உங்கள் கூடப்பிறந்த தங்கச்சிக்கும் இப்போது உங்கள் அப்போதைய வயதுதான். அரியலூரில் பள்ளிக்கூடச் சத்துணவு அடுப்பில் நிற்கிற வேலை, அதில் உடம்புக்குள்ளும் அடுப்பு. நம் டாக்டரம்மாவிடம் தனியாகவே போய்க் காட்டியிருக்கிறார்கள். அரக்கு அட்டையும் வெள்ளை அட்டையும் என் முன்னால் வைத்தார்கள்.

"அக்கா திங்கிறதப் பாத்திருக்கேன். வெள்ளை திருவிழாவுக்குத்தான், வேணாம்னு சொல்லும். நீதான படிச்சவ, எது வேணும், எது வேணாம்னு சொல்லு."

நான் எதையும் சொல்லவில்லை. நாளைக்கே டாக்டரிடம் போகலாம், நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்த அறை அப்படியே இருக்கிறது. நீங்கள் போனதைச் சின்ன அத்தை டாக்டரம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். ஏன் வரணும் என்று இந்த முறை கேட்டேன். டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சின்ன அத்தையிடம், "உங்களுக்கு வயல் இருக்கா?" என்றார். அக்கா வீட்டில் இருக்கிறது என்றார்கள். "அரக்கு மாத்திரை தண்ணி பாய்ச்சுற மாதிரி. கர்ப்பப்பை உள்சுவரு வளந்துகிட்டே போகும். வெள்ளை மாத்திரை வடிகால். பன்னெண்டு நாள் போட்டு நிறுத்துனா வளந்தது வெளிய வந்துடும். வடிகால் இல்லாம தண்ணி மட்டும் கட்டுனா வெங்காயம் என்னாகும்? புடிக்கலையா, எங்கிட்ட வந்து சொல்லிட்டு ரெண்டையும் விடுங்க. வெள்ளைய மட்டும் விடாதீங்க." நாள் தப்பி ரத்தம் போனால் அன்றே வர வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், வருடக்கணக்கில் தானாக வாங்கிப் போடக்கூடாது என்றார். செய்தித்தாளில் வந்ததைக் கேட்டேன். மார்புக்கு அபாயம் கொஞ்சம் உண்டுதான், அதனால்தான் குறைந்த அளவு, குறைந்த காலம், இடையில் சோதனை என்றார். இரண்டும் உண்மையாம், அத்தை. நான் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்ததுதான் பிசகோ?

வடிகால் என்று ஒரு வார்த்தை. வெங்காயக்காரியான உங்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லவேண்டியிருந்திருக்காது. உள்சுவர் என்று உங்களிடம் வந்து வாசித்தேனே.

சின்ன அத்தை மெதுவாக டாக்டரம்மாவிடம், "இது அக்காவுக்குத் தெரியாதாங்க?" என்றார்கள்.

"அத்தைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றேன். "வெள்ளை மாத்திரைய அத்தை மூணாவது மாசத்துலருந்து போடல. நீங்க கேட்டப்ப நான் தலையாட்டுனேன். ரெண்டும் சேந்தா கெடுதல்னு பேப்பரை வாசிச்சுக் காட்டுனதும் நான்தான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அதில் கோபம் இல்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. சின்ன அத்தை எழுந்து வெளியே போய்விட்டார்கள். அரியலூரில் கொண்டுவிட நானும் ஏறிய பஸ்ஸில் நான்கு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அரியலூரில் இறங்கும்போதுதான் திரும்பி, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லடி, பாவி" என்றார்கள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

அன்று சாயங்காலமே உங்கள் மகனிடம் நானே சொன்னேன். கையிலிருந்த கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். பிறகு, "அம்மா சொல்லவேணாம்னு சொல்லுச்சா?" என்று கேட்டார். இல்லை, நீங்கள் சொல்லவில்லை. உங்கள் கால் என் காலைத் தொட்டது, அவ்வளவுதான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இல்லை என்றேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அஞ்சலையிடமும் மற்ற மூன்று பேரிடமும் போய்ச் சொன்னேன், அந்த மாத்திரையை இனி யாரிடமும் கைமாற்றாக வாங்காதீர்கள் என்று. அஞ்சலை மட்டும், "அக்கா குடுத்தது எனக்கு ஒண்ணும் பண்ணலயே" என்றாள். உங்களைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அத்தை. சின்ன அத்தை பேசினாலும் பேசாவிட்டாலும், அந்த மாத்திரை போடுகிற காலம் முழுவதும், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி நான் அரியலூர் போவேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவேன். அந்த அறையில் கேட்கிற எதற்கும் தலையை ஆட்டமாட்டேன்.

இந்த மாதம் முதல் தேதி போனேன். சின்ன அத்தை கதவைத் திறந்தார்கள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய், வெள்ளை அட்டையை எடுத்துவந்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார்கள். ஒரு குழி காலியாக இருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

உங்கள் மருமகள்,
செல்வி